வாயடைத்த நெல்

அத்தியாயம் 6

“காசிக்குப் போனவங்களுக்கு இங்க எதுக்குங்க நெல்லு?”

சாவித்திரி கேட்டதும் வைத்தியலிங்கத்தின் கை வெற்றிலை மேலேயே நின்றுவிட்டது. விரல் நுனியில் சுண்ணாம்பு.

“எந்த நெல்லு?”

“வர்ற வழியில பார்த்தேன். ஊர் முழுக்கக் குட்டை நெல்லு. ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது. இடுப்புக்கு மேல ஒண்ணும் நிக்கல. உங்க வாய்க்கால் மடையை ஒட்டி ஒரே ஒரு துண்டு மட்டும் ஆளுயரம் வளர்ந்து சாய்ஞ்சு கிடக்கு. கிச்சிலிச் சம்பா. பாதி விளைச்சல்கூடத் தேறாது. உங்களை மாதிரி வரவு செலவு தெரிஞ்ச மிராசுதார் அதை யாருக்காக நட்டீங்க?”

“எனக்காகத்தான். பழைய ருசி. நாக்கு கேக்குது.”

உள்ளேயிருந்து சப்பாத்தி வேகும் வாசனை வந்தது. சாவித்திரியின் பின்னால் நின்ற அப்துல் ஜலீல் மூக்கை உறிஞ்சினான்.

“சக்கரை வியாதிங்களா? டாக்டர் அரிசியே ஆகாதுன்னுட்டாரா? அப்ப கிச்சிலிச் சம்பாவை சப்பாத்திக்குத் தொட்டுக்குவீங்களோ?”

“யாரம்மா இவன்?”

“என் அசிஸ்டென்டு. வாய்க்கும் சேர்த்துத்தான் சம்பளம் குடுக்கறேன்” என்றாள் சாவித்திரி. “ஜலீலு, நீ போய் வெளியில நில்லு.”

ஜலீல் வாசலுக்குப் போனான். சாவித்திரி விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

“உங்க அப்பா எழுதி வெச்ச பத்திரத்துக்கு இன்னிக்குக் காலையிலதான் வலங்கைமான் ரிஜிஸ்தர் ஆபீசுல நகல் வாங்கினேன். மூத்த மருமகள் மங்களாம்பிகை அம்மாளுக்கு ஆயுசு உள்ளவரைக்கும் வருஷா வருஷம் ஜீவனாம்சம். நெல்லா குடுக்கணும். கிச்சிலிச் சம்பாவே குடுக்கணும். அந்த அம்மா போன வருஷமே காசிக்குப் போயிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அவங்க போனதுக்கப்புறம் நட்ட பயிர் வயல்ல நிக்குதே?”

வைத்தியலிங்கம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

“அண்ணி எப்ப வேணா திரும்பி வரலாம். வந்து நிக்கறப்ப இல்லைன்னு சொல்ல முடியுமா? நான் கடமை தவறாதவன்.”

“அப்ப போன வருஷத்து நெல்லு?”

“பத்தாயத்துல இருக்கு.”

“பார்க்கலாமா?”

“பார்க்கக் கூடாது” என்றார் வைத்தியலிங்கம், அதே மரியாதையோடு. “மோர் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க.”

சாவித்திரி மோர் சாப்பிடவில்லை.

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் அவளுடைய ‘சாவித்திரி தகவல் நிலையம்’ இருந்தது. ஒரு கிரிமினல் வக்கீலிடம் பதினைந்து வருஷம் டைப் அடித்தவள். வக்கீல் கண்ணை மூடியதும், டைப் அடித்து அடித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத் தானே துப்பறியும் கடை திறந்துவிட்டாள். போர்டைப் பார்த்து ரயில் நேரம் கேட்கப் படியேறுகிறவர்கள்தான் அதிகம். போன வாரம் ஏறி வந்த செவ்வந்தி அப்படி வந்தவள் அல்ல.

“எங்க வீட்டுக்காரரைத் தூக்குல போடப் போறாங்கம்மா” என்றுதான் அவள் பேச்சையே ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். போன தை அறுப்பில், வைத்தியலிங்கத்தின் களத்தில் கூலித் தகராறு. கூலிக்காரர்கள் சங்கம் வைத்துக் கொடி பிடித்த வருஷம். அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டார்கள் ஆட்கள். அந்தக் கைகலப்பில் சங்கத்து ஆள் செல்லதுரை மண்டை உடைந்து செத்துப்போனான். அடித்தது அவன் கூடப் பிறந்த தம்பி இளையபெருமாள்தான், சங்கத்துக்குள் சண்டை என்று வைத்தியலிங்கத்தின் ஆட்கள் மூன்று பேர் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். இளையபெருமாள் செவ்வந்தியின் புருஷன். சட்டையெல்லாம் அண்ணன் ரத்தத்தோடு பிடிபட்டவன். திங்கட்கிழமை தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் அவன் கேஸ். இன்றைக்கு வெள்ளி.

களத்தில் இருந்தவர்களில் வைத்தியலிங்கத்தின் ஆளாகவும் இல்லாமல் சங்கத்து ஆளாகவும் இல்லாமல் இருந்தவர் ஒரே ஒருத்தர்தான். மங்களாம்பிகை அம்மாள். சண்டைக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டேன் என்று போலீசிடம் சொன்னவர், அடுத்த வாரமே காணாமல் போய்விட்டார்.

வாசலுக்கு வந்த சாவித்திரி ஜலீலைத் தேடினாள். அவன் வைத்தியலிங்கத்தின் டிராக்டர் பெட்டிக்குள் குந்தி உட்கார்ந்திருந்தான்.

“இறங்குடா. களவாணின்னு கட்டி வெச்சிடுவாங்க.”

“அக்கா, இந்த வீட்டுல மீன் உண்டா?”

“சுத்த சைவம். வெள்ளிக்கிழமையில வெங்காயம்கூட ஆகாது.”

“அப்ப டிராக்டருக்கு மட்டும் தனிச் சமையலா?”

அவன் உள்ளங்கையை விரித்தான். வைக்கோல் துணுக்கோடு சேர்ந்து, நகத்தை வெட்டிப் போட்டது போல, வெளிறிய சிவப்பில் ஒரு காய்ந்த சென்னாக்குன்னி. பொடி இறால். சாவித்திரி குனிந்து பார்ப்பதற்குள் அதை வாயில் போட்டுக்கொண்டான்.

“டேய்! சாட்சியைத் தின்னுட்டியேடா!”

“விசாரிச்சேன் அக்கா. முத்துப்பேட்டைன்னு ஒத்துக்கிச்சு.”

“ஒரு குன்னியை மென்னு ஊரைச் சொல்லுவியா நீ?”

“எங்க உம்மா இதுல துவையல் அரைச்சுத்தான் எனக்குப் பல்லே முளைச்சது. நாகப்பட்டினத்துச் சரக்குன்னா உப்புதான் முன்னால வரும். இதுல எங்க அலையாத்திக் காட்டுச் சேறு வருது. இந்த டிராக்டர் ஓட்டற வைரக்கண்ணு அண்ணன் எதையோ இறக்கப் போன இடத்துல மலிவாக் கிடைக்குதுன்னு வீட்டுக்கு ஒரு படி வாங்கிக் கட்டியிருக்கார். முடிச்சு அவிழ்ந்திருக்கு.”

சாவித்திரி நடந்துகொண்டே யோசித்தாள். அவள் யோசிக்கும்போது தோளில் பையை இடமும் வலமுமாக மாற்றிக்கொள்வாள்.

“சரியாத்தான் வருது. பத்தாயத்துல இருக்குன்னாரே, அந்த நெல்லு அண்ணிக்குத்தான் போயிருக்கு. நெல்லு ஜில்லா தாண்டக் கூடாதுன்னு சர்க்கார்ல செக்போஸ்ட் போட்டு உட்கார்ந்திருக்காங்க. அண்ணியை மெட்ராசுல ஒளிச்சு வெச்சா நெல்லு போய்ச் சேராது. ஜில்லாவுக்குள்ளேயே ரொம்பத் தள்ளி இருக்கற ஊரு எது?”

“எங்க ஊருதான். அதுக்கு மேல போனா டிராக்டர் நீந்தணும்.” ஜலீல் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தான். “ஏன் அக்கா, இவ்வளவு பாடு எதுக்கு? நெல்லுக்குப் பதில் பணமா மணியார்டர் பண்ணிட்டுப் போகக் கூடாதா அந்த ஆளு?”

“பணமா வந்தா அந்த அம்மாவுக்கு லஞ்சம்னு தெரிஞ்சிடும். நெல்லா வந்தா, என் பங்குதானேன்னு சாப்பிட்டுக்கலாம்.”

 

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் செவ்வந்தி நின்றிருந்தாள். மிராசுதார் வீட்டு வாசலுக்கு வர மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டவள்.

“கிடைச்சாங்களாம்மா?”

“ஊரு கிடைச்சிருக்கு. செவ்வந்தி, நல்லா யோசிச்சுச் சொல்லு. சண்டை நடந்தப்ப மங்களாம்பிகை பெரியம்மா களத்துல இருந்தாங்கன்னு நீ எப்படிச் சொல்றே? நீ வைக்கோல் போருக்கு அந்தாண்டை இருந்தேன்னியே.”

“கண்ணால பார்க்கலைம்மா. காதால கேட்டேன். அங்க முதல்ல பெரியம்மா பங்குதான் அளக்கணும். அளக்கற ஆளு சத்தமா எண்ணுவான், பங்குக்காரங்க திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த மரக்கால் விழும். அந்தக் களத்து வழக்கம் அது. ஒண்ணுன்னு சொல்றதுக்குப் பதிலா அவன் லாபம்னான், பெரியம்மா லாபம்னாங்க. ரெண்டுன்னான், ரெண்டுன்னாங்க. ஏழு வரைக்கும் கேட்டேன். எட்டுன்னு அவன் சொன்னது காதுல விழுந்தது. பெரியம்மா சொன்னது விழலை. அப்புறம் கேட்டது எங்க மச்சான் செல்லதுரை கத்தினதுதான்.”

சாவித்திரி பையை வலது தோளுக்கு மாற்றினாள்.

“நாளைக்குக் காலையில முத்துப்பேட்டை.”

“நானும் வர்றேன்.”

“உன்னைப் பார்த்தா அந்த அம்மா கதவைத் திறக்க மாட்டாங்க.”

“பஸ் ஸ்டாண்டுலேயே நிக்கறேன். வர்றேம்மா.”



மறுநாள் முத்துப்பேட்டையில் இறங்கியதும் செவ்வந்தி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டாள். ஜலீல் சாவித்திரியை நேரே அவன் மாமாவின் ரைஸ் மில்லுக்கு அழைத்துப் போனான். மாமா தலையிலிருந்து தாடி வரைக்கும் தவிட்டுப் பொடி படிந்து நின்றார்.

“வா மருமவனே! துப்பறிஞ்சு துப்பறிஞ்சு உடம்பு துரும்பாப் போச்சே!”

“மாமு, உங்க மில்லுக்குக் கிச்சிலிச் சம்பா அரைக்க யாராச்சும் வர்றாங்களா?”

மாமாவின் முகம் கசந்தது.

“அந்த அம்மாவா? அல்லாவே! ஊரெல்லாம் குண்டு நெல்லு கொண்டாருது, நானும் அதுக்குத் தோதா சல்லடை மாட்டி வெச்சிருக்கேன். அந்த அம்மா ஒரு மூட்டை மெல்லிசு நெல்லை அனுப்பி, சல்லடையை மாத்துன்னு ஆளுகிட்டச் சொல்லி விடும். மாத்தாம அரைச்சா நொய்யாப் போயிடும். ஒரு மூட்டைக்காக மிஷினை நிறுத்தி, கழட்டி, மாட்டி... அரைக்கூலியை விட என் வியர்வை ஜாஸ்தி.”

“வீடு எங்க?”

“ஆத்தங்கரைத் தெரு, கடைசி ஓட்டு வீடு. யாரோடயும் பேசாது. ஆனா ஒண்ணு சொல்லணும். அரைச்ச அரிசியில பாதியை அப்படியே தர்மத்துக்குக் குடுத்துடும். ஒரு தடவை என்னையே எடுத்துக்கச் சொல்லிச்சு. இவ்வளவு வெறுப்பு இருந்தா எதுக்கும்மா அரைக்கறேன்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் என்னோடயும் பேச்சு நின்னு போச்சு.”

கதவைத் திறந்தது மங்களாம்பிகை அம்மாளேதான். அறுபத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. கையில் முறம், முறத்தில் அரிசி.

“யாரு?”

“என் பேரு சாவித்திரி. தஞ்சாவூர்லேருந்து வர்றேன். இவன் ஜலீலு.”

“வைத்தி அனுப்பினானா?”

“இல்லம்மா. செவ்வந்தி அனுப்பினா.”

முறத்திலிருந்த அரிசி ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்மாள் அதைச் சரி செய்யவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பவே போலீசுக்குச் சொல்லியாச்சு. தகராறுக்கு முன்னாடியே நான் வீட்டுக்குப் போயிட்டேன்.”

“அப்ப ஏழாவது மரக்காலை யாரும்மா வாங்கினாங்க?”

“என்ன?”

“அந்தக் களத்துல பங்குக்காரங்க திருப்பிச் சொல்லாம மரக்கால் விழாதாமே. ஏழு வரைக்கும் விழுந்திருக்கு. நீங்க வீட்டுலேருந்தேவா சொன்னீங்க?”

“வீடு களத்துலேருந்து அரை மைலு” என்றான் ஜலீல். “நல்ல தொண்டைதான்.”

“ஜலீலு, வெளியில நில்லு.”

“நிக்கறேன் அக்கா” என்றான் ஜலீல். நகரவில்லை.

அம்மாள் உள்ளே திரும்பி நடந்தாள். கதவைச் சாத்தவில்லை. இரண்டு பேரும் பின்னால் போனார்கள். கூடத்தில் ஒரு சாக்கு மூட்டை, ஒரு பாய், சுவரில் ஒரு சாமி படம். வேறு ஒன்றும் இல்லை. அம்மாள் முறத்தைத் தரையில் வைத்து அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“எட்டுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். செல்லதுரை வந்து நெல்லுக் குவியல் மேல உட்கார்ந்துட்டான். எங்க கூலியை அளந்தப்புறம் அவங்களுக்கு அளங்கன்னான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். மரியாதையாத்தான் சொன்னான். ‘பெரியம்மா, நீங்களே சொல்லுங்க, வேலை செஞ்சவனுக்கு முதல்ல குடுக்கறதில்லையா’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. அவன் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தான். பின்னால பார்க்கலை. வைத்தி வண்டியோரத்துல செருகியிருந்த முளைக்குச்சியை உருவி...” அம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள், பாதியில் இறக்கிக்கொண்டாள். “ரெண்டு அடி. தம்பிக்காரன் ஓடியாந்து அண்ணனை மடியில போட்டுக்கிட்டான். அவன் சட்டை ரத்தம் அப்படி வந்ததுதான்.”

ஜலீல் இப்போது உண்மையிலேயே வெளியே போய் நின்றான்.

“இதை ஏம்மா சொல்லலை?”

“சொல்றே நீ! அன்னிக்கு சாயங்காலமே வைத்தி அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னான். கோவமா இல்ல. சிரிச்ச முகம். ‘அண்ணி, நான் அளந்தாத்தான் உங்களுக்கு நெல்லு. யோசிச்சுப் பேசுங்க’ன்னான். நான் எங்க போறது? புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, பிறந்த வீட்டுல யாரும் இல்ல. மாமனார் போட்ட அந்த ஜீவனாம்சம் ஒண்ணுதான் எனக்குச் சோறு. அது அவன் கையில இருக்கு.”

சாவித்திரிக்கு நெஞ்சு லேசானது. பூட்டும் தெரிந்துவிட்டது, சாவியும் தன்னிடமே இருக்கிறது என்று நினைத்தாள். பையைத் திறந்து பத்திர நகலை எடுத்து, அம்மாளுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன். அது அவர் கையில இல்லவே இல்ல.”

“என்னது?”

“உங்க ஜீவனாம்சம். உங்க மாமனார் அதை வைத்தியலிங்கத்தோட தயவுல விடலை. நிலத்து மேல ஏத்தி வெச்சிருக்கார். ரிஜிஸ்தர் பண்ணின பத்திரம். அந்த நிலத்துக்கு உங்க நெல்லுதான் வில்லங்கம். அவர் அந்த நிலத்தை வித்தாலும் வில்லங்கம் கூடவே போகும், வாங்கினவன் உங்களுக்கு அளக்கணும்.”

“அவன் நிறுத்திட்டா?”

“நிறுத்த முடியாது. நிறுத்தினா நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். பாக்கியோட சேர்த்துக் குடுன்னு தீர்ப்பாகும். அப்பவும் குடுக்கலைன்னா நிலத்தையே ஏலத்துக்குக் கொண்டு வருவாங்க.”

“நான் அந்த வீட்டுல இல்லைன்னா?”

“எங்க இருந்தாலும்னு போட்டிருக்கு பாருங்க.”

“அவனுக்குப் பிடிக்காததைப் பண்ணினா?”

“கொழுந்தன் மனசு கோணாம நடந்தாத்தான்னு இதுல ஒரு வார்த்தை இல்லம்மா. நீங்க அவருக்கு எதிரா சாட்சி சொன்னாலும் சரி, கூண்டுல ஏறி நின்னு திட்டினாலும் சரி, உங்க உயிரு உள்ள வரைக்கும் அந்த மண்ணு உங்களுக்குச் சோறு போட்டாகணும். அது உங்க பாத்தியம். யாரும் தொட முடியாது.”

சொல்லி முடித்துவிட்டு சாவித்திரி அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். வக்கீல் ஆபீசில் பதினைந்து வருஷம், உங்களுக்குப் பாத்தியம் உண்டு என்று கேட்டதும் ஜனங்கள் அழுது கும்பிடுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு முகம் இப்படி ஒடுங்கிப்போவதை இன்றுதான் பார்த்தாள்.

“அப்ப...” என்றாள் அம்மாள். “அன்னிக்கே நான் போலீசுல சொல்லியிருந்தா?”

 தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் சாவித்திரிக்கு உறைத்தது.

“சொல்லேன். நெல்லு வந்திருக்குமா?”

“வந்திருக்கும்மா.”

“ஒரு மரக்கால் குறையாம?”

“குறையாம.”

அம்மாள் முறத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்.”

“அம்மா...”

“பயந்துட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன் நான். ஒரு வருஷமா அந்தப் படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து அதைத்தான் சொல்றேன். நாதியில்லாதவ, சோத்துக்கு வழியில்லாதவ, என்ன பண்ணுவேன், மன்னிச்சுக்கோன்னு. சாமியும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தது. இப்பப் பயப்படறதுக்கு ஒண்ணுமே இருக்கலையாமே! ஒரு வார்த்தை, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே! ஏன் கேக்கலை நான்?”

“உங்களுக்கு யாரும் சொல்லலைம்மா.”

“நான் கேக்கலை. கேட்டு, அவனால நிறுத்த முடியாதுன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் போய்ச் சொல்லியாகணுமே. அதனாலதான் கேக்கலை.”

தெருவில் கார் ஹாரன் அடித்தது. ஜலீல் தலையை நீட்டினான்.

“அக்கா, கடமை தவறாதவர் வந்துட்டார்.”

வைத்தியலிங்கம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாவித்திரியைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“அண்ணி, கிளம்புங்க. மெட்ராஸ் போய் அங்கேருந்து காசி. டிக்கெட் எடுத்தாச்சு. ரெண்டு புடவை போதும்.”

“போன வருஷமே போனவங்களுக்கு இப்பத்தான் டிக்கெட்டா?” என்றான் ஜலீல். “ரயிலு ரொம்ப லேட்டுங்க.”

“நீ வாயை மூடு.”

“அதுக்கும் நெல்லு குடுப்பீங்களா?”

அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். “நான் வரலைன்னா, வைத்தி?”

“வராம? நீங்க வரலைன்னா நாளைக்கு யாரு அண்ணி உங்களுக்கு அளப்பாங்க?” அதே சிரித்த முகம்.

“நீதான் அளப்பே. அது உன் நெல்லு இல்லையாமே.”

வைத்தியலிங்கம் இப்போது சாவித்திரி பக்கம் திரும்பினார். “என்னம்மா சொல்லி வெச்சிருக்கீங்க?”

“உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான். நேத்து நான் தப்பாக் கேட்டுட்டேன். அண்ணி இல்லாதப்ப ஏன் நட்டீங்கன்னு கேட்டேன். நடாம இருக்க உங்களால முடியுமான்னு கேட்டிருக்கணும். ஒரு வருஷம் கிச்சிலி விளையலைன்னா அந்த அம்மா கோர்ட்டுக்குப் போகலாம், நிலம் ஏலத்துக்கு வரும்னு பத்திரத்துல இருக்கு. நிறுத்திடுவேன்னு மிரட்டின நீங்களே வயித்தெரிச்சலோட வருஷம் தவறாம நட்டுக்கிட்டிருக்கீங்க.”

அம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். “உனக்குத் தெரியுமா வைத்தி? அன்னிக்கே தெரியுமா?”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் மட்டும்தான் இருந்தது.

“அண்ணி, குடும்ப விஷயம். வெளியார் முன்னால வேண்டாம். அண்ணன் பேரைக் கெடுக்காதீங்க.” ஒரு அடி முன்னால் வந்து அம்மாளின் கையைப் பிடித்தார். “எழுந்திருங்க.”

“கையை விடுங்க” என்றான் ஜலீல். இந்தத் தடவை விளையாட்டு இல்லை. “வாசலைப் பாருங்க. நான் வெளியில நின்னப்பவே ஆள் விட்டுக் கூப்பிட்டுட்டேன். எங்க மாமாவும் மில் ஆளுங்க நாலு பேரும் காத்து வாங்கிக்கிட்டிருக்காங்க. சல்லடை மாத்தி மாத்தி ரொம்பக் கடுப்புல இருக்கற ஆளுங்க.”

வைத்தியலிங்கம் வாசலைப் பார்த்தார். கையை விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“வாங்க அண்ணி, திங்கட்கிழமை கூண்டுல வந்து நில்லுங்க. என் பணத்துல ஒரு வக்கீல் சர்க்கார் வக்கீலுக்கு ஒத்தாசையா நிக்கிறார். ஒரு வருஷம் எங்க இருந்தீங்க, எதைத் தின்னீங்கன்னு சபையில கேப்பார். பதிலை யோசிச்சு வெச்சுக்குங்க.”

கார் போனது. 

“கேப்பாங்கம்மா” என்றாள் சாவித்திரி. “மறைக்க மாட்டேன். போலீசுல நீங்க சொன்னது சத்தியம் பண்ணிச் சொன்னதில்ல, அதுல பெரிய சிக்கல் இல்ல. ஆனா குறுக்கு விசாரணையில உரிச்சுடுவாங்க. முன்னே பொய் சொன்னவங்க இப்ப மட்டும் நிஜம் சொல்றீங்களான்னு. பயந்துதான் சொல்லலைன்னு நீங்க சொல்லலாம். ஜட்ஜு ஏத்துக்குவார். எல்லாரும் ஏத்துக்குவாங்க.”

“எனக்குத்தான் இனிமே அது வாயில வராது.” அம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். “எத்தனை மணிக்கு பஸ்ஸு?”

பஸ் ஸ்டாண்டில் வெயில் ஏறியிருந்தது. தஞ்சாவூர் பஸ் கிளம்புவதற்கு உறுமிக்கொண்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு செவ்வந்தி அதன் பக்கத்தில் நின்றாள். தெருமுனையில் மூன்று பேரைப் பார்த்ததும் நாலடி ஓடி வந்தவள், அப்புறம் நின்றுவிட்டாள்.

மங்களாம்பிகை அம்மாளும் நின்றாள்.

சாவித்திரி நடுவில் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தாள். ஜலீலைப் பார்த்தாள். அவன் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“செவ்வந்தி” என்றாள் அம்மாள். “உன் புருஷன் அடிக்கலை. நான் பார்த்தேன்.”

“தெரியும்.”

“கோர்ட்டுல வந்து சொல்றேன்.”

“ம்.”

“உன்னை ஒரு நாள் பார்த்தா, பயந்துதான்டி சொல்லலைன்னு கால்ல விழலாம்னு இருந்தேன். இப்ப அது ஆகாது. அதுக்கும் மேல என்னமோ இருக்கு. அதை உங்கிட்டச் சொல்லிட்டு ஏறறேன்...”

“வேண்டாம்.”

செவ்வந்தி சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ் உறுமலில் அது சாவித்திரிக்கே பாதிதான் கேட்டது.

“எங்கிட்டச் சொல்ல வேண்டாம் பெரியம்மா. நான் கேட்டா, பாவமேன்னு நினைச்சுடுவேன். பாவமேன்னு நினைக்கறதுக்கு ஜெயில்லேருந்து அவரு வீட்டுக்கு வந்திருக்கணும். எங்க மச்சான் இருந்திருக்கணும். எல்லாத்தையும் கூண்டுல ஏறிச் சொல்லுங்க. ஏறுங்க, கண்டக்டர் விசில் அடிக்கறார்.”

அம்மாள் ஏறினாள். படி உயரமாக இருந்தது. ஜலீல் முழங்கையைத் தாங்கிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

செவ்வந்தி பின்பக்கப் படியில் ஏறி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாவித்திரி அந்தக் காலி இடத்தின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றாள். பிறகு அவளும் அங்கே உட்காராமல், தஞ்சாவூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.